வேகவைத்த மண்

செப்டம்பர் 4, புதன்

அக்கா இன்றைக்கும் போன் செய்தாள். பாளையங்கோட்டையில் புதிதாக ஒரு பரிசோதனைக் கூடம் திறக்கிறார்களாம், அனுபவம் உள்ள ஆள் வேண்டுமாம். “ஏட்டி ஜெயசீலி, காலமெல்லாம் ஆஸ்பத்திரி லேப்ல கிருமி பாத்தவளுக்கு மலை மேல மரக்கன்னோட என்ன சோலி? எறங்கி வந்துரு” என்கிறாள். இங்கேயும் நான் அதே வேலையைத்தான் செய்கிறேன் என்று எத்தனை முறை சொல்வது! அங்கே கிருமியிடமிருந்து நோயாளியைக் காப்பாற்றினேன், இங்கே நாற்றைக் காப்பாற்றுகிறேன்.

இந்த நெடும்பாறை முகாமுக்கு என்னை எடுத்ததே சுத்தத்துக்காகத்தான். கைவிட்ட தேயிலைத் தோட்டத்தை மறுபடியும் காடாக்க ஓர் அறக்கட்டளை முயல்கிறது. முன்பு ஒரு தடவை போட்ட, இந்த மலைக்கே உரிய கோங்கு மரத்தின் நாற்றெல்லாம் தண்டு அழுகிச் செத்துப்போயின. கோங்கு வருடாவருடம் காய்க்கிற மரமில்லை, சில வருடங்களுக்கு ஒருமுறைதான் மனம் வைக்கும். விதையைச் சேர்த்து வைக்கவும் முடியாது, கீழே விழுந்த சில நாட்களில் உயிர் போய்விடும். இந்த ஆனியில் ஓடைக்கரைக் கோங்குகள் காய்த்தன. பொறுக்கி முளைக்கவைத்த நாற்றுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. இவை போனால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் பையில் நிரப்புவதற்கு முன்னால் மண்ணை வேகவைக்கச் சொன்னேன். பெரிய இரும்பு டிரம், அடியில் தண்ணீர், நடுவில் துளைத் தட்டு, மேலே மண். இட்லி அவிக்கிற மாதிரிதான். ஆவி நன்றாக ஏறிவிட்டால் ஒரு பூஞ்சை மிஞ்சாது. நாற்றங்கால் வேலை பார்க்கும் மந்திரமூர்த்தி அப்போதே கேட்டார், “மண்ண அவிச்சி என்ன மேடம், நாமளா திங்கப்போறோம்?” சோம்பேறிகளுக்கு இப்படியெல்லாம்தான் கேட்க வரும்.

செப்டம்பர் 13, வெள்ளி

நாற்றுகளின் அடி இலைகள் வெளுத்திருக்கின்றன. ஓடைத் தண்ணீர் குளிர்ச்சி அதிகம். தொட்டியில் பிடித்து வெயில் பட்ட பிறகு ஊற்றச் சொல்லியிருக்கிறேன். காலில் இரண்டு அட்டை.

செப்டம்பர் 21, சனி

தண்ணீர் இல்லை, நிழல் வலைதான் காரணம். ரொம்ப இருட்டு. ஒரு சுருள் வலையைக் கழற்றச் சொன்னேன். மந்திரமூர்த்தி ஏணியைத் தேடுவதிலேயே காலைப்பொழுதை ஓட்டினார். அவர் மனைவி மாடத்திதான் கடைசியில் ஏறிக் கழற்றினாள். முகாமில் சமையலும் அவள்தான், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். அவள் மட்டும் இல்லையென்றால் இங்கே ஒரு வேலையும் நடக்காது.

செப்டம்பர் 30, திங்கள்

வலையை மறுபடி கட்டியாயிற்று. வெளுப்பு மேல் இலைக்கும் ஏறிவிட்டது.

வனத்துறை ரேஞ்சர் ஞானதிரவியம் சார் ஜீப்பில் வந்தார். நாற்றுப் பைகள் அடுக்கிய படுகைகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “காமாலை வந்த புள்ளைய மாதிரில்லா நிக்கி” என்றார். அறக்கட்டளைச் செயலர் நாச்சியப்பன் தை மாதம் வருகிறாராம். அதற்குள் கோங்கு தேறாவிட்டால் சரிவு முழுக்க சில்வர் ஓக் நட்டுவிட்டு முகாமை மூடுவதாகப் பேச்சாம். சில்வர் ஓக் எங்கே வைத்தாலும் வளரும். ஆனால் அது இந்த மலையின் மரமில்லை. அதை நட்டால் காடு வராது, கம்பம் நட்ட மாதிரி ஒரு தோப்பு வரும்.

“மண்ணுல எதும் கோளாறு இருக்குமோ மேடம்?” என்று கேட்டார். மண்ணில் ஒரு கோளாறும் இல்லை, அது அவித்த மண் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாடத்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அக்டோபர் 5, சனி

பூஞ்சைக்கொல்லி மறுபடி ஊற்றினோம். நீலமாக இருக்கிறது. ஊற்றி முடித்ததும் மனசுக்கு ஒரு திருப்தி.

அக்டோபர் 11, வெள்ளி

நாற்றுகள் நடக்கின்றன!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வாரம், முதல் படுகையின் ஓரத்தில் ஐந்தாறு நாற்று நல்ல பச்சையாக நின்றதைப் பார்த்தேன். இன்றைக்கு அங்கே வெளுத்தவைதான் இருக்கின்றன. பச்சை நாற்றுகள் மூங்கில் புதர் ஓரமாக, கடைசிப் படுகையில், மற்ற பைகளுக்கு நடுவில் ஒளிந்து நிற்கின்றன. மந்தி இழுத்துப் போட்டதா என்றால், மந்தி வரிசையாக அடுக்கிவிட்டுப் போகுமா? மந்திரமூர்த்தியிடம் கேட்டேன். “எனக்குத் தெரியலையே மேடம்” என்று மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று மந்திரமூர்த்தியை நேராகப் பிடித்துவிட்டேன். மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்து, பச்சை நாற்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தார். ஸ்டோரில் உரம் குறைகிறதோ என்று எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். திருடித் தனக்குப் பிடித்த நாற்றுக்குப் போடுகிறார், கீழே யாருக்கோ விற்கப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் அதை அப்படியே கேட்டும்விட்டேன்.

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். மாடத்திதான் கரண்டியோடு வந்தாள். “எம்புருசன் சோம்பேறிதான் மேடம், நான் இல்லேங்கல. ஆனா திருடன் இல்ல. இன்னொருக்க அந்த வார்த்தையச் சொன்னிய, நாங்க ரெண்டு பேரும் இப்பவே எறங்கிப் போயிருவோம்” என்றாள்.

அக்டோபர் 19, சனி

எழுத ஒன்றுமில்லை. சோறு வரவில்லை. பிஸ்கட் சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் மந்திரமூர்த்தி வந்து நின்றார். நான் கண்ணைத் திறக்கும் வரைக்கும் காத்திருந்தார். பின்னால் மாடத்தி. அவளே பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

“பை நெறப்புன அன்னைக்கி மழை மேடம். வெறகு நனஞ்சு போச்சி. ஊதி ஊதிக் கண்ணு எரியுது, டிரம்மு சூடே ஏறல. பை இன்னும் பாக்கி கெடக்கு. நீங்க சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னுட்டிய. அப்பம்தான் பெரிய கோங்குக்கு அடியில மண்ணு பொதுபொதுன்னு கெடந்துச்சி. வெட்டக்கூட வேண்டாம், கையால அள்ளலாம். எலைதழையோட அள்ளிக் கொஞ்சப் பையில போட்டுட்டேன். அவிக்கல.”

“அது நல்ல மண்ணுன்னு தெரிஞ்சு போட்டீங்களா?”

“இல்ல மேடம். கிட்ட இருந்துச்சி.”

அந்தப் பைகளில் நோய் வந்து மாட்டிக்கொள்வோம் என்று தினமும் பயந்திருக்கிறார். நோய் வருவதற்குப் பதில் அவை தளதளவென்று வளர ஆரம்பித்ததும் பயம் இரட்டிப்பாகிவிட்டது. பச்சை கண்ணை உறுத்தும், மேடம் ஏன் என்று கேட்பார்கள். அதனால்தான் ஒளித்து ஒளித்து வைத்திருக்கிறார். பூஞ்சைக்கொல்லி ஊற்றும்போதும் அவற்றை மட்டும் ஒதுக்கி வைத்துவிடுவாராம்.

திருடன் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க மேடம்” என்றார். மாடத்தி விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மத்தியானம் சோறு வந்தது, ரசமும் வந்தது.

அவிக்காத மண்ணில் நின்றவை மட்டும் பச்சை. இதற்கு மேல் இன்று எழுதப் போவதில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஒரு பச்சை நாற்றையும் ஒரு வெளுத்த நாற்றையும் பையைக் கிழித்து எடுத்தேன். வேரைக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெளுத்த நாற்றின் வேர் வெறும் வேர், நூல் மாதிரி. பச்சை நாற்றின் வேர்நுனிகள் குட்டையாக, மொண்ணையாக, ஒவ்வொன்றும் வெள்ளையாக உறை போட்டுக்கொண்டு இருந்தன, குழந்தைக்குக் காலுறை மாட்டினது போல. உறையிலிருந்து மெல்லிய இழைகள் மண்ணுக்குள் போகின்றன.

பூஞ்சை. ஆஸ்பத்திரியில் வாழ்நாள் முழுக்க நான் துரத்தித் துரத்திக் கொன்றது அதைத்தான்.

அக்டோபர் 23, புதன்

நான்கு இடத்து மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பழைய வேலையைப் போலவே கண்ணாடித் தட்டுகளில் பாக்டீரியா வளரப் போட்டிருக்கிறேன். ஓடைக்கரைப் பெரிய கோங்கின் அடிமண், அதற்குப் பக்கத்திலேயே கிளையோடு கிளை உரசி நிற்கும் நாங்கு மரத்தின் அடிமண், பச்சை நாற்றின் பை மண், வெளுத்த நாற்றின் பை மண். மண் போடுவதற்கு முன்னால் தட்டுகளைக் குக்கரில் வைத்துத்தான் அவித்துச் சுத்தம் செய்தேன். மாடத்தி, “இது பருப்பு வைக்கிற குக்கரு மேடம்” என்றாள். இப்போது கொஞ்சம் சிரிக்கிறாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வெளுத்த பையின் தட்டு முழுக்க ஒரே வகை பாக்டீரியா, ஆறின கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி. நாங்குத் தட்டில் பல தினுசு, வேகமாக வளர்கின்றன. கோங்குத் தட்டிலும் பச்சைப் பையின் தட்டிலும் ஒன்றுமே இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டேன் போல.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாடத்தி முந்திரிக்கொத்தும் முறுக்கும் கொடுத்தாள். மலையில் வெடி போடக்கூடாது, அதனால் மந்திரமூர்த்தி வாயாலேயே நாலு வெடி போட்டார்.

தப்பு இல்லை. கோங்குத் தட்டிலும் பச்சைப் பைத் தட்டிலும் மெதுவாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் எழுந்திருக்கின்றன. வெள்ளை, மஞ்சள், ரோஜா நிறம். இரண்டு தட்டையும் மாற்றி வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. ஒரே கரை, ஒரே மழை, ஒரே சருகு. ஆனாலும் கோங்குக்கு அடியில் ஒரு கூட்டம், நாங்குக்கு அடியில் வேறு கூட்டம். கோங்கடி மண்ணைப் பையில் போட்டால் அந்தக் கூட்டமும் கூடவே வந்து இந்த நாற்றங்காலிலும் குடியிருக்கிறது.

கோயம்புத்தூரில் மண்ணியல் படிப்பிக்கும் என் காலேஜ் தோழி செண்பகவடிவை, சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி, போனில் பிடித்தேன். எல்லாம் சொன்னேன். முதலில் அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

“மண்ண அவிச்சியா? ஏ ஜெயா! கோங்கு வேரு தனியாச் சாப்பிடாதுடி. நீ பாத்த உறையிருக்கே, அந்தப் பூஞ்சைக்கு மரம் சர்க்கரை கொடுக்கும். அது மண்ணுக்குள்ள இழையை விட்டு சத்தெல்லாம் இழுத்து மரத்துக்குக் கொடுக்கும். அந்தச் சர்க்கரையில கொஞ்சம் வெளிய கசியும், மண்ணு புளிக்கும். தழைச்சத்த அதுவே வாரிக்கிடும். அந்தப் புளிப்புலயும் பஞ்சத்துலயும் எந்த பாக்டீரியா தாக்குப்பிடிக்குதோ, பூஞ்சையோட ஒத்துப்போகுதோ, அதுதான் அங்க இருக்க முடியும். நாங்கு வேருல இருக்கிறது வேற சாதிப் பூஞ்சை. வேருக்குள்ளயே நுழைஞ்சு இருக்கும், வெளிய உறை போடாது. அதனால அங்க குடியிருக்கிற கூட்டமும் வேற.”

“அப்போ யார் இருக்கணும்னு பூஞ்சைதான் முடிவு பண்ணுதா?”

“பெரும்பாலும். ஆனா தட்டுல முளைக்கிறத வச்சு ரொம்பத் துள்ளாத. மண்ணுல உள்ளதுல முக்காவாசிக்கு மேல தட்டுல வளரவே வளராது. நீ பாத்தது கதவிடுக்குல தெரிஞ்ச கொஞ்சம்தான்.”

ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். நல்லது கெட்டது எல்லாவற்றையும் கொன்று வயிற்றைக் காலி செய்துவிட்டால், அந்தக் காலி இடத்தில் ஒரே ஒரு கிருமி வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வெளுத்த பையின் தட்டில் நான் பார்த்தது அதேதான். எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தைத்தான் நான் இங்கே டிரம் டிரம்மாக அவித்திருக்கிறேன்.

நவம்பர் 2, சனி

தண்ணீர் இல்லை, வலை இல்லை, நான்தான். இதை எழுதிவிட்டால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நவம்பர் 4, திங்கள்

ரேஞ்சர் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோங்கடி மண் எடுக்க அனுமதி கேட்டேன். நாற்றங்காலில் காட்டு மண் கூடாது என்று அறக்கட்டளை விதி இருக்கிறது. முன்பு எல்லாம் அழுகிப்போனதற்கு அதைத்தான் காரணமாக நினைத்தார்கள். அங்கிருந்தே செயலர் நாச்சியப்பனுக்குப் போன் செய்தோம்.

“காட்டு மண்ணப் போட்டு மறுபடி அழுகினா?” என்றார்.

“அழுகலாம் சார். போடலைன்னா தைக்குள்ள கண்டிப்பா செத்துரும்.”

“போடுங்க. ஆனா ஒரு வரிசைய மட்டும் மண் போடாம அப்படியே விடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் நான் நம்புவேன்” என்றார். சரியான பேச்சு. லேபில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

பெரிய கோங்கடியில் மேல் சருகை ஒதுக்கி, வேர் அறுபடாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக மண் எடுத்தோம். அழுகல் நாற்றம் அடிக்கும் என்று நினைத்தேன். காளான் வாசம், நல்ல வாசம். ஒவ்வொரு பையிலும் வேர் ஓரமாகக் குழி பண்ணி ஒரு கை மண். மந்திரமூர்த்தி ஏணி தேடவில்லை, வெற்றிலைக்கு நிற்கவில்லை. நாள் முழுக்க குனிந்த இடுப்பு நிமிராமல் வேலை பார்த்தார்.

கடைசி வரிசைக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கூடையில் மண் மிச்சம் இருந்தது. அவர் கூடையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். “அப்பம் இதுக மட்டும் பட்டினியா மேடம்?” என்றார். இன்றிலிருந்து அதற்குப் பட்டினி வரிசை என்று பேர்.

நவம்பர் 13, புதன்

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. தீப்பெட்டி நமுத்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

பள்ளத்துப் படுகையில் தண்ணீர் தேங்கி நான்கு நாற்று தண்டு கறுத்துச் சாய்ந்துவிட்டன. அழுகல். பூஞ்சைக்கொல்லி டப்பாவை எடுத்துவிட்டேன். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு படுகையின் நடுவில் மழையில் நின்றேன். இதை ஊற்றினால் அழுகல் நிற்கலாம். வேரில் இப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும் வெள்ளை உறையும் அதோடு சாகும். ஊற்றாவிட்டால், நாளைக் காலையில் எல்லாம் சாய்ந்து கிடக்கவும் கிடக்கலாம்.

மந்திரமூர்த்தி மண்வெட்டியோடு ஓடிவந்தார். “மேடம், தண்ணிய வெட்டி விடுவோம். மருந்து பொறவு பாத்துக்கிடலாம்” என்றார். மூன்று பேரும் சேற்றில் வாய்க்கால் வெட்டினோம். சாய்ந்ததைப் பிடுங்கித் தூரப் போட்டோம். டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. இவ்வளவு பயம் எந்த வார்டிலும் எனக்கு வந்ததில்லை.

நவம்பர் 18, திங்கள்

வேறு எதுவும் சாயவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இன்றும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.

நவம்பர் 27, புதன்

மழை விட்டது. சாயங்காலம் ஓடைக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன், காற்று வாங்கத்தான். வந்து நகத்துக்குள் இருந்த மண்ணைச் சுரண்டிக் கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

நாற்றுகள் சாகவும் இல்லை, தேறவும் இல்லை. வெளுத்த இலை வெளுத்தபடிதான் இருக்கிறது. செண்பகவடிவு, “இட்லி மாவு இல்லடி, காலையில பொங்கி நிக்கிறதுக்கு. பொறு” என்கிறாள்.

மாடத்தி தண்ணீர் ஊற்ற ஒரு குடத்தோடு கடைசிப் படுகைக்குப் போனாள். ரொம்ப நேரம் காணவில்லை. போய்ப் பார்த்தால் பட்டினி வரிசைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “சும்மா பாத்துட்டு இருந்தேன் மேடம். பாவமா இருக்கு” என்றாள். பரிசோதனையில் பாவம் பார்க்கக்கூடாது என்று அவளுக்கு விளக்கினேன்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கீழே போகவில்லை. அக்காவுக்கு வருத்தம். பாறை மேல் ஏறி, அக்காவும் பிள்ளைகளும் பாடியதை போனில் கேட்டேன். மாடத்தி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நான் இல்லாத நேரத்தில் ரேஞ்சர் சார் கேக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாற்றங்காலை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனாராம்.

ஜனவரி 7, செவ்வாய்

இரண்டாம் படுகையில் ஒரு நாற்றின் நுனியில் தளிர்.

நான்தான் முதலில் பார்த்தேன். யாரையும் கூப்பிடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தளிர்தான்.

ஜனவரி 10, வெள்ளி

ஏழெட்டு நாற்றில் தளிர். பழைய இலையிலும் பச்சை ஏறுகிறது. ஒரு நாற்றைக் கழுவிப் பார்த்தேன், வேர்நுனியெல்லாம் வெள்ளை உறை. மந்திரமூர்த்தியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, “ரொம்ப நல்லா தெரியுது மேடம்” என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எல்லாப் படுகையிலும் தளிர். மாடத்தி பானைக்குக் குலவை விட்டுவிட்டு நாற்றங்காலுக்கும் போய் ஒரு குலவை விட்டாள். நானும் முயன்றேன். சத்தம் வரவில்லை, எல்லோரும் சிரித்தார்கள்.

ஜனவரி 22, புதன்

பட்டினி வரிசையும் கொஞ்சம் தேறியிருக்கிற மாதிரி தெரிகிறது. வெயில் நன்றாக அடிப்பதால் இருக்கலாம்.

ஜனவரி 26, ஞாயிறு

வெயில்தான்.

ஜனவரி 29, புதன்

நாச்சியப்பன் சார் வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, பேச்சுக் குறைவு. ரேஞ்சர் சாரும் கூட வந்தார். படுகை படுகையாகக் காட்டினேன். ஒரு சாண் உயரத்துக்குக் கோங்கு, தளிரும் பச்சையுமாகக் காற்றில் ஆடியது. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பழைய போட்டோவை, அந்தக் காமாலைக் கோலத்தை, என்னிடம் வாங்கிப் பார்த்தார். தட்டுகளின் படத்தையும் காட்டினேன். மரம் பூஞ்சையை வைத்திருப்பதையும் பூஞ்சை தனக்கு ஒத்த பாக்டீரியாவை வைத்திருப்பதையும் சொன்னேன். என் அவித்த மண்ணில் இரண்டும் இல்லாமல் நாற்று தனியாகக் கிடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“சரி. மண் போடாத வரிசை எது?”

கடைசிப் படுகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டினி வரிசை மற்ற எல்லாவற்றையும்விடப் பச்சையாக நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பைகளைப் பார்த்தார். மற்ற பைகளில் மண் விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருந்தது. இந்த வரிசையில் ஒவ்வொரு பையும் விளிம்பு தாண்டி, குவிந்து, வெளியே சிந்திக் கிடந்தது. கறுப்பு மண். சருகோடு.

“இதுக்கு யாரு போட்டது?”

மந்திரமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார். “நான்தான் சார். அன்னைக்கே கூடையில மிச்சம் கெடந்துச்சி. மேடம் அங்கிட்டுப் போனதும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுட்டேன். மேடத்துக்குத் தெரியாது.”

மாடத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்களுமா? நானும்லா குடத்துக்குள்ள மறைச்சிக் கொண்டாந்து போட்டேன்!”

ரேஞ்சர் சார் இருமினார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்தபோது ஓடைக்கரையில் இறங்கி இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். யூனிபார்மில் இருந்துகொண்டு இப்படிச் செய்திருக்கக்கூடாதுதான் என்றும் சொன்னார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நல்லவேளை, மேடம் ஒருத்தராவது சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

“நானும் போட்டேன்” என்றேன். “நவம்பர்ல. பொறவும் ஒரு தடவை.”

இந்த நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. காற்று வாங்கப் போனேன் என்று எழுதியிருக்கிறேன். என்னால் முடியவில்லை. நான் அவித்த மண்ணில் அவை மஞ்சளாகி மஞ்சளாகிச் சாவதை, எதற்காகவும், யாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாலும், பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் நாங்களே அழித்துவிட்டோம்.

நாச்சியப்பன் சார் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வந்தார்.

“அப்ப, எனக்குக் காட்டுறதுக்கு ஒரு வாடின நாத்துகூட உங்ககிட்ட இல்லையா?”

“இல்ல சார்.”

“நாலு பேரு மாத்தி மாத்திப் போட்டும் இந்த வரிசையில ஒண்ணும் அழுகல?”

“இல்ல சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வெள்ளைச் சட்டை குலுங்கச் சிரித்தார். “சில்வர் ஓக்கெல்லாம் வேண்டாம். மழை தொடங்கினதும் இதையே நடுங்க” என்று ரேஞ்சர் சாரிடம் சொன்னார். காட்டு மண் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டு, எவ்வளவு போட வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று என்னையே எழுதித் தரச் சொன்னார். மந்திரமூர்த்தி என் காதுக்குள், “அதுல என்னைய சோம்பேறின்னு எழுதிராதிய மேடம்” என்றார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் நான் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. வெட்கப்படாமல் சத்தம் போட்டே அழுதேன். மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைத் தடவிக் கொடுத்தாள். அவள் கையெல்லாம் மண். என் வெள்ளை ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.